மூன்றாவது 'டி' எங்கே போனது? டேனிஷ், நோர்வீஜிய மொழிகளில் இரவு ரயில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அகராதியில் 'இரவு ரயில்' என்று தேடினால் டேனிஷுக்கும் நோர்வீஜிய மொழிக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே சொல் வருகிறது. ஆனால் 'இரவு' என்பதை மட்டும் தேடினால் டேனிஷ் சொல்லின் கடைசியில் ஒரு 'டி' ('டிக்கெட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் எழுத்து) இருக்கிறது, நோர்வீஜியச் சொல்லில் இரண்டு 'டி' இருக்கின்றன. ரயிலுக்கான சொல்லோ இரண்டு மொழியிலும் 'டி'யில்தான் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் நோர்வீஜியச் சொல்லில் மூன்று 'டி' வந்திருக்க வேண்டுமே, அகராதி செய்தவர் டேனிஷ் சொல்லைப் பிரதியெடுத்து ஒட்டிவிட்டாரா என்பது உங்கள் சந்தேகம். நோர்வீஜிய மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான நைனோர்ஸ்கில் எப்படி என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இரண்டு மொழியிலும் இருப்பது உண்மையில் ஒரே சொல்தானா? எனக்கு அதுதான் சுவையான கேள்வி.

நான் நோர்வேயில் பல வருடங்களாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மாலை நேரங்களில் புதிதாக வந்த நம்மவர்களுக்கு நோர்வீஜிய மொழி சொல்லிக்கொடுத்ததும் உண்டு. டேனிஷைத் தினமும் வாசிக்கிறேன். பேச்சில் டேனிஷ் கேட்கும்போது இன்றும் சில இடங்களில் தடுமாறுவேன். ஆகவே கீழே டேனிஷ் உச்சரிப்பைப் பற்றிச் சொல்வதை, வெளியில் இருந்து கேட்பவன் காதுக்குப் பட்டபடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அகராதி சரி. பிழை இல்லை. இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஆறு எழுத்துதான்: என், ஏ, டி, டி, ஓ, ஜி. நோர்வீஜிய ஒலிப்பைத் தமிழில் எழுதினால் 'நத்தோக்'. ஆனால் அந்த ஆறு எழுத்துக்கு இரண்டு மொழிகளும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கின்றன. டேனிஷில் கணக்கு நேரானது: ஒரு 'டி'யில் முடியும் இரவு, 'டி'யில் தொடங்கும் ரயில், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு 'டி'. எதுவும் கூடவில்லை, குறையவில்லை. நோர்வீஜியனில் இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்று வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே மெய்யெழுத்து மூன்று தடவை அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விட்டுவிட்டு இரண்டாக எழுத வேண்டும் என்பது நோர்வீஜிய எழுத்து விதி. அந்த மூன்றாவது 'டி' தொலைந்தது அங்கேதான்.

இதை நம்புவதற்கு ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். இரவு பஸ்ஸை டேனிஷ்காரர் ஒரு 'டி', ஒரு 'எஸ்' போட்டு எழுதுவார். நோர்வேக்காரர் அதே சொல்லை இரண்டு 'டி', இரண்டு 'எஸ்' போட்டு எழுதுவார். ஒட்டுகிற இடத்தில் பஸ்ஸின் 'பி' வருவதால் மூன்று ஒரே எழுத்து என்ற நெருக்கடியே இல்லை. அதனால் இரண்டு மொழிகளின் பழக்கமும் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. டேனிஷில் குறில் உயிருக்குப் பின் வரும் மெய்யைச் சொல்லின் கடைசியில் ஒற்றையாகத்தான் எழுதுவார்கள். பின்னால் ஓர் உயிர் ஒட்டினால் மட்டும் இரட்டிப்பார்கள். நோர்வேக்காரர் சொல்லின் கடைசியிலேயே இரட்டித்துவிடுவார். ('எம்' எழுத்து மட்டும் நோர்வீஜியனில் இதற்கு அடங்காது. அதைப் படிப்பிக்கும்போது வகுப்பில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள்.) ஆக இரவு பஸ்ஸில் இரண்டு மொழியும் பிரிந்து நிற்கின்றன, இரவு ரயிலில் தற்செயலாக ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டன.

இது இந்த ஒரு சொல்லோடு முடிகிற வேடிக்கையும் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு வளைகோட்டின் உச்சிப் புள்ளிக்கு இரண்டு மொழியிலும் 'தொப்புங்க்த்' என்றுதான் சொல்வார்கள், எழுதுவதும் ஒரே மாதிரி. டேனிஷில் உச்சிக்கு ஒரு 'பி' (பஸ்ஸின் 'பி' இல்லை, 'பேப்பர்' தொடங்கும் 'பி'), நோர்வீஜியனில் இரண்டு. புள்ளிக்கு இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு 'பி'. மறுபடியும் ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் ஒன்றும் இரண்டு.

சரி, அந்த 'டி' நிரந்தரமாகப் போய்விட்டதா என்றால், இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நோர்வீஜிய எழுத்தில் இந்தச் சொல் ஒரு வரியின் ஓரத்தில் வந்து, இரண்டாக முறித்து எழுத வேண்டி வந்தால், மறைந்த எழுத்தைத் திரும்பப் போட வேண்டும்: மேல் வரியில் இரண்டு 'டி'யோடு இரவு, ஒரு சிறு கோடு, கீழ் வரியில் 'டி'யோடு ரயில். டேனிஷில் அதே இடத்தில் முறித்தால் மேலே ஒரு 'டி', கீழே ஒரு 'டி'. பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு மட்டும் கிடைத்து, அதில் இந்தச் சொல் முழுதாக இருந்தால் அதை வைத்து எந்த நாட்டுத் தாள் என்று சொல்ல முடியாது. வரி முறிந்திருந்தால் சொல்லிவிடலாம். தமிழில் 'கண்ணீர்' என்று எழுதும்போது நீரின் 'ந்' கண்ணுக்குத் தெரிவதில்லை. பதம் பிரிக்கச் சொன்னால் கண் + நீர் என்று அது திரும்பி வருகிறது. இதையும் அப்படித்தான் நான் வகுப்பில் விளக்குவேன். ஜேர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் வேறு முடிவுக்குப் போனார்கள்: 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கப்பல் போக்குவரத்துக்கான சொல்லில் மூன்று 'எஃப்' வரிசையாக நிற்கின்றன. பார்க்க அழகாக இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் கேள்வி கேட்க வேண்டிய தேவை அங்கே இருக்காது.

ஒரு 'டி', இரண்டு 'டி' என்ற இந்தப் பிரிவு மிகப் பழையது என்று நினைத்துவிடாதீர்கள். நோர்வே 1814 வரை டென்மார்க்கின் அரசரின் கீழ் இருந்த நாடு. அந்த ஆட்சி போன பிறகும் படித்தவர்கள் எழுதியது டேனிஷ்தான். நோர்வேயின் முதல் ரயில் பாதை, தலைநகரில் இருந்து ஐட்ஸ்வோல் வரை, 1854-இல் திறக்கப்பட்டபோதும் நிலைமை அதுதான். அப்போது 'இரவு' நோர்வேயிலும் ஒரு 'டி'யோடுதான் எழுதப்பட்டது. 1907, 1917 ஆண்டுகளின் எழுத்துச் சீர்திருத்தங்கள்தான் நோர்வீஜிய எழுத்தை டேனிஷில் இருந்து பிரித்தெடுத்து, நோர்வே மக்கள் பேசும் ஒலியின் பக்கம் நகர்த்தின. சொல் கடைசியில் மெய் இரட்டிப்பது அந்த நகர்வின் ஒரு பகுதி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அத்தனை சீர்திருத்தமும் இந்தச் சொல்லின் வெளித்தோற்றத்தைத் தொடவே இல்லை. உள்ளே இருந்த இரவு மாறிவிட்டது, வெளியே அதே ஆறு எழுத்து. டேனிஷ் பக்கம் பார்த்தால், அங்கே 1948 வரை பெயர்ச்சொல் எல்லாவற்றையும் ஜேர்மன் போலப் பெரிய எழுத்தில் தொடங்கினார்கள். இரவு ரயிலும் அதுவரை பெரிய 'என்' போட்டுக்கொண்டுதான் ஓடியது.

இனி ஒலி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொல்லும் காதுக்கு ஒன்றாக விழுவதில்லை. நோர்வீஜியனில் 'நத்தோக்': 'அ' குறில், 'த்' அழுத்தம், 'ஓ' நெடில், கடைசியில் 'க்' தெளிவாகக் கேட்கும். டேனிஷில் கடைசி 'ஜி' கரைந்து 'வ்' ஆகிவிடுகிறது. 'நத்தோவ்' என்பதற்குக் கிட்ட வரும், அதுவும் அந்த 'ஓ' வாயைக் கொஞ்சம் அதிகம் திறந்து சொல்லும் 'ஓ'. அதோடு தொண்டையில் ஒரு சின்னப் பிடிப்பு. அந்தப் பிடிப்புக்கு 'ஸ்டோட்' என்று பெயர்; எழுத்தில் அதற்கு அடையாளமே கிடையாது. 'அந்த இரவு ரயில்' என்று குறிப்பிட்டுச் சொல்ல வரும்போது இரண்டு மொழியும் சொல்லின் கடைசியில் 'ஈ, டி' சேர்க்கின்றன, எழுத்து அப்போதும் ஒன்றுதான். நோர்வேக்காரர் அந்த 'டி'யை விழுங்கி 'நத்தோகெ' என்பார். டேனிஷ்காரர் வாயில் அது நாக்கு மெத்தென்று நிற்கும் ஓர் ஒலியாகி, நம் காதில் பாதி 'ல்' போலக் கேட்கும். எழுத்து ஒன்று, ஆனால் நிலைய ஒலிபெருக்கியில் கேட்டால் இரண்டையும் இணைக்க முடியாது.

இங்கே சுவீடனையும் உள்ளே விட வேண்டியிருக்கிறது. சுவீடிஷில் இரவுக்கு நோர்வீஜியன் போல இரண்டு 'டி'. ரயிலுக்கு 'ஓ' வராது. தலையில் சின்ன வட்டம் போட்ட 'ஏ' எழுத்து வரும். சேர்த்து எழுதும்போது அங்கேயும் மூன்று 'டி' இரண்டாகிறது, வரி முறிந்தால் மூன்றாவது திரும்பி வருகிறது. உச்சரிப்போ கிட்டத்தட்ட நோர்வீஜியன்: 'நத்தோக்'. ஆக டேனிஷும் நோர்வீஜியனும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. நோர்வீஜியனும் சுவீடிஷும் ஒலியில் ஏறக்குறைய ஒன்று, எழுத்தில் வேறு. நடுவில் நிற்கிற நோர்வே ஒரு பக்கம் கண்ணையும் மறு பக்கம் காதையும் கொடுத்து வைத்திருக்கிறது. ஒரே சொல்லில் இது இவ்வளவு சுத்தமாகத் தெரிவது அபூர்வம்.

நம்மவர்கள் இந்தச் சொல்லில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, அந்த 'ஓ'. நோர்வீஜியனில் நெடிலாக வரும் 'ஓ' எழுத்தைப் பெரும்பாலும் 'ஊ' என்றுதான் உச்சரிக்க வேண்டும்; புத்தகம் 'பூக்' ஆவது அப்படித்தான். அதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் நான் முதல் சில மாதங்கள் ரயிலைத் 'தூக்' என்று சொல்லித் திரிந்தேன். யாரும் திருத்தவில்லை, மரியாதைக்காரர்கள். ரயில், தூங்குதல், சட்டம் ஆகியவற்றுக்கான சொற்களில் அந்த 'ஓ' 'ஓ'வாகவே ஒலிக்கும். இன்னொன்று, 'டி'. ஆங்கிலப் பழக்கத்தில் நாம் அதை 'ட்' என்று சொல்வோம். நோர்வீஜியனில் தனி 'டி' நாக்குநுனி பல்லில் படும் 'த்' பக்கம் இருக்கிறது. 'ஆர்', 'டி' இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நம்முடைய 'ட்'டுக்குக் கிட்டப் போகும். பூனை 'கத்', வரைபடம் 'கட்'. இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்குத் தானாகவே பிடிபடும், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்குப் பாடுபடுவார். ஆகவே 'நட்டோக்' என்று சொன்னால் ஒஸ்லோக்காரருக்குப் புரியும்தான், ஆனால் உள்ளே எங்கோ ஓர் 'ஆர்' ஒளிந்திருப்பது போலக் கேட்கும். நாட்டின் மேற்கே, 'ஆர்' எழுத்தைத் தொண்டையில் சொல்லும் பேர்கன் பக்கத்தில், இந்த 'ட்' ஒலி கிடையாது. ஒஸ்லோவில் இரவு ரயிலில் ஏறிக் காலையில் பேர்கனில் இறங்குகிறவர், தூக்கத்திலேயே ஒரு மெய்யெழுத்தைத் தொலைத்துவிட்டு இறங்குகிறார்.

ரயிலுக்கான அந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: அது 'இழுத்தல்' என்ற பொருளுடைய பழைய ஜெர்மானிய வேரில் இருந்து வந்தது, ஜேர்மன் 'ட்சூக்' அதன் உடன்பிறப்பு. வடக்கே 'த்' இருக்கும் இடத்தில் ஜேர்மனில் 'ட்ஸ்' வருவது ஒழுங்கான மாற்றம். நோர்வீஜியனில் பத்து 'தி', ஜேர்மனில் 'ட்சேன்'. ரயில் வருவதற்கு முன்பே இந்தச் சொல் ஊர்வலம், படையெடுப்பு என்ற பொருளில் இருந்தது, இன்றும் இருக்கிறது. சிலுவைப் போர் 'கொர்ஸ்தோக்', தீப்பந்த ஊர்வலம் 'ஃபக்கெல்தோக்'. மே 17, நோர்வேயின் தேசிய நாளில், பிள்ளைகள் கொடியோடு போகிற ஊர்வலம் 'பார்னெதோக்'. புதிதாக வந்த ஒருவர் என்னிடம் 'பிள்ளைகளுக்கு மட்டும் தனி ரயில் விடுகிறார்களாமே, எத்தனை மணிக்கு?' என்று கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஊர்வலத்துக்குச் சக்கரம் மாட்டி ரயிலாக்கியது யார்? ஜேர்மன் முன்மாதிரி என்பதுதான் என் துணிபு. டேனிஷில் ரயில் நிலையம் 'பானெகோர்', பாதை, முற்றம் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தது. ஜேர்மன் சொல்லின் நேர்ப் பிரதி. ரயில்வேக்கான 'யெர்ன்பானெ'யும் அப்படியே, இரும்பு என்பதும் பாதை என்பதும் ஒட்டியது. விரைவு ரயில், சரக்கு ரயில், பயணிகள் ரயில் எதை எடுத்தாலும் ஜேர்மன் கூட்டுச்சொல் பக்கத்தில் நிற்கிறது. இரவு ரயிலும் அந்த வரிசையில்தான் வருகிறது. ஆனால் வரிசையில் நிற்பது வேறு, ஜேர்மன் சொல்லைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று நிரூபிப்பது வேறு. இரவு, ரயில் என்ற இரண்டு சொல்லும் கையில் இருந்தால் யாரும் யாரையும் பார்க்காமலே ஒட்டிவிடலாம். இந்த ஒரு கூட்டுச்சொல்லை மட்டும் காட்டி 'இது கடன்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மவர்கள் ஜேர்மன் வழியில் போகவில்லை. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் ஆங்கிலப் பெட்டியின் பெயரையே பிடித்துக்கொண்டு ரயிலைக் 'கோச்சி' என்றார்கள்.

டேனிஷ் பக்கம் இன்னொரு வம்பு இருக்கிறது. 'எடுத்தேன்' என்பதற்கான இறந்தகாலச் சொல்லும் எழுத்தில் ரயிலுக்கான அதே மூன்று எழுத்துதான் (டி, ஓ, ஜி), 'தோ' என்று ஒலிக்கும். 'நான் ரயிலில் போனேன்' என்பதை இவர்கள் 'நான் ரயிலை எடுத்தேன்' என்பார்கள். டேனிஷில் எழுதினால் அதே மூன்று எழுத்து அடுத்தடுத்து இரண்டு தடவை வரும், உச்சரிப்பு மட்டும் வேறு. சுவீடிஷில் எடுத்தேனுக்கு 'ஓ', ரயிலுக்கு வட்டம் போட்ட 'ஏ'. நோர்வீஜியனில் எடுத்தேன் 'கே' எழுத்தில் முடியும், ரயில் 'ஜி'யில். மூன்று நாட்டார் ஒரே வாக்கியத்தை எழுதிக் காட்டினால் யார் எந்த நாடு என்று முழுசாகத் தெரிந்துவிடும். இரவு ரயிலை மட்டும் எழுதச் சொன்னால், பார்த்தோமே, டேனிஷ்காரரும் நோர்வேக்காரரும் தப்பித்துவிடுவார்கள்.

பயன்பாட்டில் இந்தச் சொல்லுக்கு நோர்வேயில் உயிர் அதிகம். காரணம் நிலப்படம். நோர்வே நீளமான மலைநாடு. ஒஸ்லோவில் இருந்து பேர்கன், ஸ்தவாங்கர், துரொன்ஹெய்ம் மூன்றுக்கும் இரவு ரயில் போகிறது, துரொன்ஹெய்மில் இருந்து வடக்கே பூடோ வரைக்கும் 729 கிலோமீட்டர் தூரத்துக்கு இன்னொன்று. டென்மார்க்கில் கொப்பன்ஹேகனில் இருந்து ஓர்ஹுஸ் போக மூன்று மணி நேரம் போதும். படுத்துத் தூங்க எங்கே நேரம்? அதனால் அங்கே இந்தச் சொல் பெரும்பாலும் வெளிநாட்டு ரயிலைக் குறிக்கும். கொப்பன்ஹேகனில் இருந்து ஜேர்மனிப் பக்கம் போன இரவு ரயில்கள் 2014 இறுதியில் நின்றுபோனபோது டேனிஷ் பத்திரிகைகளில் சொல் ஒரு சுற்று அடிபட்டது. 2022-இல் ஸ்டாக்ஹோமுக்கும் ஹம்பர்க்குக்கும் இடையிலான இரவு ரயில் டென்மார்க் வழியாக ஓடத் தொடங்கியபோது மறுபடியும் வந்தது. பூடோ ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை: அது சால்ட்ஃபியெல் மலைமேட்டில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போகிறது. ஜூன் மாதத்தில் பூடோவில் சூரியன் மறையாது. பெயரில் இரவு இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே இருக்காது. திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

நைனோர்ஸ்க் பற்றிய உங்கள் கடைசி வரிக்கு: அங்கேயும் இதே ஆறு எழுத்துதான், இதே 'டி' குறைப்புதான். முன்னால் வரும் 'ஒரு' மட்டும் மற்ற எழுத்து வடிவமான புக்மோலில் 'எத்', நைனோர்ஸ்கில் 'ஐத்'. 'அந்த இரவு ரயில்கள்' என்று பன்மையில் சொன்னால் நைனோர்ஸ்கில் 'நத்தோகா'. புக்மோலில் வழக்கமாக 'நத்தோகெனெ', ஆனால் 'நத்தோகா'வும் எழுதலாம். டேனிஷும் எழுத்தில் இந்த 'நத்தோகெனெ'யோடு ஒத்துப்போகும். படுக்கைப் பெட்டியை டேனிஷிலும் புக்மோலிலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: 'தூங்கு' என்பதோடு 'வண்டி' சேர்ந்தது. அதில் எழுத்து எதுவும் தொலையவில்லை, தேட வேண்டாம்.